மனநல வார்டில் ஈவினிங் ஷிப்ட்: புதிதாகச் சேரும் செவிலியருக்கு

மனநலப் பிரிவில் சேர்ந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஷிப்ட் சுலபம்?" என்பதுதான். மூத்தவர்களில் சிலர் ஈவினிங் என்பார்கள். வேறு சிலர் அதை மட்டும் எடுத்துவிடாதே என்பார்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். பிற்பகல் 2, 3 மணிக்குத் தொடங்கி இரவு 9, 10, 11 மணி வரை போகும் இந்த வேளையில், பகலில் வார்டை நிறைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செயல்வழிச் சிகிச்சையாளர் எல்லோரும் போனபின் மிஞ்சுவது செவிலியர்களும் நோயாளிகளும்.

ஈவினிங் ஷிப்டின் லாபமும் நட்டமும் இந்த ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. ரவுண்ட்ஸ் இல்லை, மீட்டிங் இல்லை, ஆகவே நோயாளியோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். யாரும் இல்லை, ஆகவே ஒன்று நடந்தால் முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். மனநலச் செவிலியம் கற்க இதைவிட நல்ல ஷிப்ட் இல்லை என்பது என் கட்சி. ஆனால் அதற்கு இரண்டு இடங்களில் கவனம் தேவை: மருத்துவர் கிளம்புவதற்கு முந்தைய முதல் இரண்டு மணி நேரம்; ஷிப்ட் முடிந்து நீங்கள் தூங்கப் போகும் வரையான நேரம்.

1. சேருமுன் ரோஸ்டரைக் கேளுங்கள்

நேர்முகத்தில் சம்பளத்தைக் கேட்கிறோம், ரோஸ்டரை, அதாவது ஷிப்ட் அட்டவணையைக் கேட்பதில்லை. முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ஈவினிங் முடித்த மறுநாளே காலை ஷிப்ட் போடுவீர்களா? இரவு 10 மணிக்கு முடிந்து காலை 7 மணிக்குத் தொடங்கினால் நடுவில் 9 மணி நேரம்தான். பயணம், சாப்பாடு, குளியல், படுத்ததும் வராத தூக்கம் எல்லாம் போக 5 மணி நேரம் கண்ணயர்ந்தால் பெரிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 வேலைநேர விதி, நாளொன்றுக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த 11-ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஈவினிங் ஷிப்ட் உடம்பைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்களின் ரோஸ்டரை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஈவினிங்கை அடுத்து வந்த காலை ஷிப்டுகள்தான் அவர்களைப் படுத்தியிருக்கும்.

கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஈவினிங்கில் வார்டுக்கு எத்தனை செவிலியர்கள், அவர்களில் மனநலப் பிரிவில் அனுபவம் உள்ளவர் எத்தனை பேர்? டியூட்டி டாக்டர் அதே கட்டடத்தில் இருப்பாரா, வீட்டிலிருந்து போனில் பேசுவாரா? அபாய அலாரம் அடித்தால் ஓடி வருபவர்கள் யார், மாலை 6 மணிக்குப் பிறகும் அவர்கள் இருப்பார்களா? ஷிப்ட் அலவன்ஸ் ஈவினிங்குக்கும் உண்டா, இரவுக்கு மட்டுமா? ஒரே மருத்துவமனையில் இரண்டு வார்டுகளுக்கு வெவ்வேறு பதில் வருவதும் உண்டு. குழப்பம் வேண்டாம் என்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீடு திரும்பும் வழியையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். ஷிப்ட் முடிவது 10 மணி என்றால் அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் முடித்து வெளியே வர 10.30 ஆகும். கடைசி பஸ் 10.20-க்கு என்றால் அந்த ஷிப்ட் உங்களுக்கு ஒத்துவராது.

2. ஷிப்டுக்கு முந்தைய பகல்

இதில் சொல்ல அதிகம் இல்லை. காலை முழுதும் வீட்டு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, களைத்துப்போய் 2 மணிக்கு வார்டுக்குள் நுழைபவர்கள் நிறைய. பகல் சும்மாதானே கிடக்கிறது என்று குடும்பமும் நினைக்கும், நீங்களும் நினைப்பீர்கள். காலையில் செய்யும் வேலைக்கு ஒரு வரம்பு வையுங்கள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மாலைச் சாப்பாட்டு நேரமும் மருந்து நேரமும் ஒன்றாக வருவதால் வார்டில் நீங்கள் நினைத்த நேரத்துக்குச் சாப்பிட முடியாது.

3. ஹேண்ட்ஓவரில் கேட்க வேண்டியது

பகல் செவிலியர் களைத்திருப்பார், கிளம்பும் அவசரத்தில் இருப்பார். "கட்டில் நாலு, அமைதியா இருந்தார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அங்கே நிறுத்திக் கேளுங்கள். அமைதி என்றால் எந்த மாதிரி அமைதி? ஆட்களோடு பேசிச் சிரித்துவிட்டு அமைதியா, சுவரைப் பார்த்துப் படுத்த அமைதியா? ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்தவர், சிகிச்சையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல், இன்று திடீரென்று தெளிந்து காணப்பட்டால் அதை முன்னேற்றம் என்று உடனே எழுதிவிட வேண்டாம். தற்கொலைக்கு முடிவெடுத்துவிட்டதால் வந்த நிம்மதியாகவும் அது இருக்கலாம்.

ஒவ்வொருவரைப் பற்றியும் இன்று என்ன மாறியது என்று கேளுங்கள். மருந்து மாறியதா, வெளியே போய்வர விடுப்பு மறுக்கப்பட்டதா, டிஸ்சார்ஜ் தள்ளிப்போனதா, வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்ததா? சாப்பிட மறுத்தவர், மருந்தை மறுத்தவர், நேற்றிரவு தூங்காதவர் யார்? தேவைப்படும்போது கொடுக்கும் மருந்து, அதாவது பி.ஆர்.என், கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு ஆயிற்று? யார் எந்தக் கண்காணிப்பு நிலையில் (எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியவராக) இருக்கிறார், அதை யார் எப்போது முடிவு செய்தார்? இந்தப் பதில்களை ஒரு தாளில் குறித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணிக்கு டியூட்டி டாக்டர் போனில் கேட்கப்போவதும் இவைதான். (அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், கிளம்புமுன் கிழித்து அழித்துவிடுங்கள்.)

4. மருத்துவர் கிளம்புமுன் பிடியுங்கள்

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் ஈவினிங்கின் பாதிச் சிரமம் குறையும். வார்டு மருத்துவர் 4 அல்லது 5 மணிக்குக் கிளம்புவார். நோயாளியை நன்றாக அறிந்தவர் அவர். அவருக்குப் பின் வரும் டியூட்டி டாக்டருக்கு உங்கள் நோயாளியின் பெயர்கூடப் புதிது. எனவே கேஸ் ஷீட்டையும் மருந்துச் சீட்டையும் புரட்டி, இன்றிரவுக்குத் தேவைப்படக்கூடியதை இப்போதே கேட்டு வாங்குங்கள். பி.ஆர்.என் மருந்துக்கான உத்தரவு காலாவதி ஆகிவிட்டதா? தூக்க மருந்து எழுதப்பட்டிருக்கிறதா? மாலை விடுப்பில் போகிறவருக்குக் கையெழுத்து இருக்கிறதா? நாளை காலை மின்னதிர்வுச் சிகிச்சை (ஈ.சி.டி) என்றால் ஒப்புதல் படிவம் முழுமையாக இருக்கிறதா? ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டியிருந்தால், எந்த எண்ணுக்கு மேல் போனால் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

தொந்தரவு செய்கிறோமே என்று தயங்க வேண்டாம். 4 மணிக்கு இரண்டு நிமிடம் தொந்தரவு செய்வதும், இரவு 9 மணிக்கு அறிமுகமில்லாத மருத்துவரிடம் பத்து நிமிடம் விளக்குவதும் வேறு வேறு வேலைகள்.

5. முதல் ரவுண்ட் உங்கள் கண்ணால்

பதிவேட்டில் தலைகளை எண்ணினால் போதாது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, பெயர் சொல்லி, ஒரு வார்த்தை பேசுங்கள். போர்வைக்குள் சுருண்டிருப்பவரின் மூச்சையும் பாருங்கள். புதியவர் என்றால், "நான் இன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் இருப்பேன், ஏதாவது வேணும்னா என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். நேரத்தைச் சொல்வது முக்கியம். யார் எப்போது போவார்கள் என்று தெரியாமல் இருப்பதே பலருக்குப் பதற்றம்.

அப்படியே குளியலறை, கழிவறை, வெளிக்கதவு, பால்கனி, ஜன்னல் தாழ் எல்லாவற்றையும் பாருங்கள். உள்நோயாளிகள் தற்கொலை செய்துகொள்ளும் முறைகளில் தூக்கிட்டுக்கொள்வதே அதிகம். கயிறாக மாறக்கூடிய எதுவும், அதைக் கட்டக்கூடிய இடம் எதுவும் உங்கள் கண்ணில் பட வேண்டும். செல்போன் சார்ஜர் வயர், டிரஸ்ஸிங் கவுன் கச்சை, பிளாஸ்டிக் பை ஆகியவை சாதாரணமாகத் தோன்றுவதால் தப்பிவிடும்.

15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியவரை மணியடித்தாற்போல் அதே நொடியில் பார்க்காதீர்கள். 3.00, 3.15, 3.30 என்று போனால் இடையில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை நோயாளி கணக்குப் போட்டுவிடுவார். 15 நிமிடத்தைத் தாண்டாமல், அதற்குள் நேரத்தை முன்னே பின்னே மாற்றுங்கள். பார்த்த நேரத்தைப் பார்த்தபடியே எழுதுங்கள். ஷிப்ட் முடிவில் மொத்தமாக நிரப்புவது பொய்ப் பதிவு.

6. பார்வையாளர் நேரம்

பெரும்பாலான வார்டுகளில் உறவினர்கள் வருவது மாலையில்தான். பகல் ஷிப்டில் இருப்பவருக்குக் கிடைக்காத தகவல் இங்கே கிடைக்கும். நோயாளி எப்படி இருந்தவர், எப்போது மாறினார், வீட்டில் மருந்தை யார் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விடும்போது தானாக வரும். காதைத் திறந்து வையுங்கள். அதேசமயம் நோயாளியின் அனுமதி இல்லாமல் நீங்கள் எதையும் திருப்பிச் சொல்லக்கூடாது. கேட்பதற்குத் தடையில்லை, சொல்வதற்குத்தான் அனுமதி வேண்டும்.

கொண்டு வந்த பைகளைச் சோதிப்பது சங்கடமான வேலைதான். எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்தால் சங்கடம் குறையும். பிளேடு, லைட்டர், கண்ணாடிப் பாட்டில் மட்டும் பார்க்காமல், வீட்டிலிருந்து கொண்டு வரும் மாத்திரைகளையும் கேளுங்கள்.

உறவினர்கள் கிளம்பிய அடுத்த அரை மணி நேரம்தான் உண்மையான வேலை. வர வேண்டியவர் வரவில்லை, வந்தவர் சண்டை போட்டுவிட்டுப் போனார், போனில் விவாகரத்துப் பேச்சு வந்தது என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். இங்கிலாந்தில் லென் பவர்ஸ் குழு உருவாக்கிய 'சேஃப்வார்ட்ஸ்' முறையின் பத்து நடவடிக்கைகளில் ஒன்று, கெட்ட செய்தியின் தாக்கத்தை முன்கூட்டியே தணிப்பது. நோயாளிக்கு வருத்தம் தரக்கூடிய செய்தி வரப்போகிறதா என்று தேடித் தெரிந்துகொண்டு, அது வெடிக்குமுன் அருகில் போய் உட்காருவதுதான் அது. 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், இந்த முறை மோதல்களை 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகளை 26.4 சதவீதமும் குறைத்தது. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பேச்சும் முன்யோசனையும் போதும், அவற்றுக்கு நேரம் கிடைப்பது ஈவினிங்கில்தான்.

7. பொழுது சாயும்போது

மறதி நோய் உள்ள முதியவர்களில் பலருக்குப் பிற்பகல் கடைசியிலும் அந்தியிலும் குழப்பம் கூடும். வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள், எப்போதோ இறந்துபோன அம்மா காத்திருப்பதாகச் சொல்வார்கள். வாதாட வேண்டாம். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போடுங்கள், டிவி சத்தத்தைக் குறையுங்கள், கழிவறைக்கு அழைத்துப் போங்கள், கண்ணாடியும் காதுக்கருவியும் போட்டிருக்கிறாரா பாருங்கள். வழக்கத்தை மீறிய குழப்பம் திடீரென்று வந்தால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சர்க்கரை குறைவு, புதிய மருந்து ஆகியவற்றைத் தேடுங்கள்.

அன்று காலையோ முந்தைய நாளோ சேர்ந்தவர் குடிப்பழக்கம் உள்ளவர் என்றால், கடைசியாகக் குடித்தது எப்போது என்று கணக்கிடுங்கள். கை நடுக்கம், வியர்வை, குமட்டல் போன்றவை நிறுத்திய 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். வலிப்பு முதல் 48 மணி நேரத்துக்குள் வரலாம். குழம்பிய பேச்சு, இல்லாதது தெரிதல், தீவிர நடுக்கம் எல்லாம் சேர்ந்து வரும் டெலிரியம் ட்ரெமென்ஸ் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குப் பின்தான் தலைகாட்டும். நேற்றுப் பகலில் கடைசியாகக் குடித்தவருக்கு வலிப்பு வரக்கூடிய வேளை உங்கள் ஷிப்டிலும் விழும். மனநோயின் படபடப்பு என்று நினைத்து இதை விட்டுவிடுவது ஆபத்து.

புகை பிடிக்க அனுமதியில்லாத வார்டில் சேர்ந்தவரின் எரிச்சலுக்கும் காரணம் எளிமையாக இருக்கலாம். நிகோடின் பேட்ச் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இவை எதுவும் இல்லாமல், சும்மா சலிப்பிலும் சண்டை வரும். பகல் செயல்பாடுகள் முடிந்தபின் தூங்கும் வரை நோயாளிக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கேரம் போர்டு, சீட்டுக்கட்டு, பழைய பத்திரிகை, வராந்தாவில் நடை என்று எதையாவது 6 மணிக்கு நீங்களே தொடங்கி வையுங்கள். இதற்கெல்லாம் செவிலியரா என்று கேட்கும் சக ஊழியர்கள் இருப்பார்கள். ஆம், இதற்கும்தான். சீட்டாட்டத்தில் ஒருவரின் கவனம், நினைவாற்றல், தோல்வியைத் தாங்கும் விதம், கை நடுக்கம் எல்லாம் தெரிந்துவிடும்; கேள்வி கேட்டு அறிய முடியாததும் அங்கே வெளிப்படும்.

8. பேச்சு: இந்த ஷிப்டின் மூலதனம்

ரவுண்ட்ஸில் ஆறு பேர் சுற்றி நிற்கும்போது "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொன்னவர், இரவு 8 மணிக்கு மருந்து வாங்க வரும்போது கதவோரம் நின்றுவிடுவார். "சிஸ்டர், ஒண்ணு சொல்லணும்" என்பார். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் வேலை தள்ளிப்போடக் கூடியது என்றால் தள்ளிப்போடுங்கள். முடியாது என்றால், "எட்டரைக்கு வரேன், நீங்க உங்க கட்டில்லயே இருங்க" என்று நேரம் சொல்லி, சொன்ன நேரத்துக்குப் போங்கள். போகவில்லை என்றால் அந்தக் கதவு மறுபடி எளிதில் திறக்காது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஆரம்பித்தால் சத்தியம் செய்ய வேண்டாம். "உங்க உயிருக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா டீம்ல சொல்லித்தான் ஆகணும். மத்தபடி அனாவசியமா யாருக்கும் போகாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டபிறகும் சொல்வார்கள். சொல்லத்தானே வந்தார்கள்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள். "சாகலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? இன்னிக்கு அந்த எண்ணம் எவ்வளவு வலுவா இருக்கு?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது பயம் மட்டுமே; ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இருக்கிறது என்று பதில் வந்தால் அவரைத் தனியே விட்டுவிட்டு வந்து எழுத உட்காராதீர்கள். சார்ஜ் நர்ஸை அங்கேயே கூப்பிடுங்கள், டியூட்டி டாக்டருக்குச் சொல்லுங்கள், கண்காணிப்பு நிலையை உயர்த்தச் சொல்லுங்கள். கண்காணிப்பை உயர்த்துவதைப் பல மருத்துவமனைகளில் செவிலியரே உடனடியாகத் தொடங்கலாம், குறைக்கத்தான் மருத்துவர் வேண்டும். உங்கள் வார்டின் விதியை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பேச்சுக்கு எல்லையும் உண்டு. அரவமில்லாத வார்டு, மங்கிய வெளிச்சம், நீண்ட உரையாடல் எல்லாம் சேரும்போது நோயாளிக்கு நீங்கள் மட்டுமே தன்னைப் புரிந்துகொள்பவர் என்று தோன்றலாம். அது கேட்க இதமாகவும் இருக்கும்; அங்கேதான் சிக்கல். உங்கள் குடும்பக் கதை, போன் எண், சோஷியல் மீடியா கணக்கு எதையும் தர வேண்டாம். மற்றவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பேசியதன் சாரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால், நாளைய டீமும் அந்தப் பேச்சைத் தொடர முடியும்.

9. ஒருவர் கொதிக்கத் தொடங்கினால்

நார்வேயில் உருவான ப்ரோசெட் வன்முறைப் பட்டியலில் ஆறே அம்சங்கள்: குழப்பம், எரிச்சல், கூச்சல், வாய்மிரட்டல், உடல்மிரட்டல், பொருள்களைத் தாக்குதல். இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். மொத்தம் 3 அல்லது மேலே போனால் அடுத்த 24 மணி நேரத்தில் வன்முறைக்கான வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டு திட்டமிட வேண்டும். நிரப்ப ஒரு நிமிடம் போதும். உங்கள் வார்டில் படிவம் இல்லாவிட்டாலும் இந்த ஆறையும் மனதில் வைத்திருங்கள்.

தணிக்கும்போது ஒருவர் மட்டும் பேசுங்கள். இரண்டு கை நீளம் தள்ளி, சற்றுச் சாய்வாக நில்லுங்கள். வெளியே போகும் வழி உங்களுக்கும் இருக்கட்டும், அவருக்கும் இருக்கட்டும். மற்ற நோயாளிகளை வேறு பக்கம் அழைத்துப் போகும் வேலையை இன்னொருவர் பார்க்கட்டும். "அமைதியா இருங்க" என்று சொன்னால் யாரும் அமைதியாவதில்லை. "என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, கேக்குறேன்" என்பது வேலை செய்யும். முடியாததை முடியாது என்றே சொல்லி, முடிந்ததில் இரண்டைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பவரின் தவிப்பு, நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று பாருங்கள். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் அகதீசியா என்ற பொறுக்க முடியாத உடல் தவிப்பைத் தரக்கூடும். அதைக் கொந்தளிப்பு என்று நினைத்து அதே மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். "மனசு தவிக்குதா, கால் தவிக்குதா?" என்று கேட்டாலே பலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே செருகுவது, தாடை பூட்டிக்கொள்வது ஆகியவை டிஸ்டோனியா, அதாவது மருந்தால் வரும் தசை இறுக்கம். உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டியவை. காய்ச்சலோடு உடல் விறைப்பும் குழப்பமும் சேர்ந்தால் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் (மனநோய் மருந்தால் வரும் உயிராபத்தான நிலை) என்று சந்தேகித்து, அடுத்த டோஸை நிறுத்தி வைத்து அவசரமாகக் கூப்பிடுங்கள்.

ஊசி போட வேண்டிய நிலை வந்தால், போட்டதோடு வேலை முடியாது. மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், வெப்பநிலை, விழிப்பு நிலை எல்லாவற்றையும் வார்டு விதிப்படி திரும்பத் திரும்பப் பார்த்து எழுதுங்கள். தசையில் போடும் ஒலான்சபினையும் ஊசியாகப் போடும் லோராசிபாமையும் ஒரே நேரத்தில் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அவரைத் தெரியாத டியூட்டி டாக்டர் போனில் சொல்லும்போது, முன்பு கொடுத்தது என்ன என்பதை நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

10. இரவு மருந்து

மனநல வார்டில் அதிகமான மருந்து போவது படுக்கும் நேரத்தில். தூக்கம் வரவழைக்கும் மருந்துகளை 7 மணிக்கே கொடுத்து வார்டை அடக்கிவிட ஆசை வரும். அப்படிச் செய்தால் நோயாளி 3 மணிக்கு விழித்துக்கொள்வார், இரவுச் செவிலியர் உங்களை மறக்க மாட்டார்.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியத்தின் ரத்த அளவு, கடைசி டோஸ் போன 12 மணி நேரத்துக்குப் பிறகு எடுக்க வேண்டியது. இரவு 9 மணிக்குக் கொடுக்க வேண்டியதை நீங்கள் 10.30-க்குக் கொடுத்து, அதைச் சொல்லாமல் போனால், காலை 9 மணிக்கு எடுக்கும் ரத்தத்தில் அளவு கூடுதலாகக் காட்டும்; மருத்துவர் தேவையில்லாமல் டோஸைக் குறைப்பார். கொடுத்த உண்மையான நேரத்தை எழுதுங்கள். வாந்தி, பேதி, கை பெரிதாக நடுங்குதல், தள்ளாட்டம், குழறல் இருந்தால் கொடுக்குமுன் கேளுங்கள்.

லுராசிடோன் என்ற மனநோய் மருந்து வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. குறைந்தது 350 கலோரி உணவோடு போக வேண்டும். மாலைச் சாப்பாட்டைத் தவிர்த்தவருக்கு அது வீண். குளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர் 48 மணி நேரத்துக்கு மேல் தவறவிட்டிருந்தால் பழைய டோஸில் தொடரக்கூடாது, மீண்டும் 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும். விடுப்பிலிருந்து மாலையில் திரும்புபவரிடம், "அங்க மருந்து போட்டீங்களா, கடைசியா எப்ப?" என்று கேட்பது இதற்காகத்தான். குளோசபினில் தொண்டை வலி, காய்ச்சல், மலச்சிக்கல் மூன்றையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாத்திரையை நாக்கின் கீழும் கன்னத்திலும் ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. தண்ணீர் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசவைத்து, வாயைப் பாருங்கள். மரியாதையோடு செய்ய முடியும்.

மறுநாள் மின்னதிர்வுச் சிகிச்சைக்குப் போகிறவரின் பட்டினி நேரத்தை அவரிடமும், இரவுச் செவிலியரிடமும், உணவு கொண்டு வருபவரிடமும் சொல்லுங்கள். பயத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்குங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள் என்பதே தெரியாமல் நடுங்குபவர்கள் இருக்கிறார்கள்.

11. தாமதமாக வரும் அட்மிஷன்

எமர்ஜென்சியில் பகல் முழுதும் காத்திருந்தவர் உங்கள் வார்டுக்கு வருவது இரவு 8.30-க்கு. பசி, களைப்பு, பயம் எல்லாம் சேர்ந்திருக்கும். முதலில் தண்ணீரும் சாப்பாடும் கழிவறையும். பிறகு பாதுகாப்புச் சோதனை, உடல்நிலை அளவீடுகள், தற்கொலை மற்றும் வன்முறை ஆபத்துக் கணிப்பு, அலர்ஜி, இப்போது எடுக்கும் மருந்துகள். முப்பது பக்கப் படிவத்தின் மீதியை நாளைக்கு விடலாம், உங்கள் வார்டு அனுமதித்தால். எதை விட்டீர்கள் என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

12. இரவுக்குக் கைமாற்றுதல்

கடைசி ஒரு மணி நேரத்தை எழுத ஒதுக்குங்கள். நடக்காது என்று சிரிப்பீர்கள். அதனால்தான் பேசி முடித்த கையோடு சிறு குறிப்பாக எழுதிக்கொண்டே வர வேண்டும். "நன்றாக இருந்தார்" என்று எழுதாமல் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள்: "மாலை 7 மணிக்குத் தங்கை வந்து போனபின் அழுதார், இரவு உணவில் பாதி சாப்பிட்டார், சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லை என்றார், 9.10-க்கு மருந்து எடுத்தார்."

இரவில் ஆள் இன்னும் குறைவு. எனவே நீங்கள் முடிக்க முடிந்த எதையும் இரவுக்குத் தள்ளாதீர்கள்.

13. வீடு, தூக்கம், மனம்

ஈவினிங்கைத் தொடர்ந்து செய்பவருக்கு இரவுத் தூக்கம் பெரும்பாலும் கெடாது. இது பெரிய லாபம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் இரவு ஷிப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்து, 2019-இல் உறுதிப்படுத்தியது. அந்த வகைப்பாடு பேசுவது இரவு வேலையைப் பற்றி. 10 மணிக்கு முடிந்து நள்ளிரவு கடந்து படுத்து, காலை 8 மணிக்கு எழும் வாழ்க்கை உடம்புக்கு அவ்வளவு அந்நியமில்லை. ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்தால் போதும்.

ஆனால் வந்ததும் தூக்கம் வராது. கத்தியவரின் குரல், சொன்னவரின் துயரம் எல்லாம் தலைக்குள் ஓடும். காஃபினின் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால் காப்பியை மாலை 6 மணியோடு நிறுத்துங்கள். வீட்டில் பிரகாசமான விளக்கும் செல்போனும் தூக்கத்தை இன்னும் தள்ளிப்போடும். அடிதடியோ தற்கொலை முயற்சியோ நடந்த ஷிப்ட் என்றால், கிளம்புமுன் உடன் இருந்தவர்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். பொறுப்பாளர் அதை ஏற்பாடு செய்யாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

14. யாருக்கு ஒத்துவரும்?

காலையில் எழவே முடியாதவர், பகலில் படிப்பவர், வங்கி, அரசு அலுவலக வேலைகளைப் பகலில் முடிக்க வேண்டியவர், சிறு குழந்தையைப் பகலில் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர் ஆகியோருக்கு ஈவினிங் பொருந்தும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயது என்றால் கணக்கு தலைகீழாகிவிடும்: அவர்கள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நீங்கள் வார்டில். கணவனோ மனைவியோ பகல் வேலைக்குப் போனால், வாரத்தில் ஐந்து நாள் சமையலறையில் ஒரு சீட்டுக் குறிப்பாகத்தான் பேசிக்கொள்வீர்கள். நண்பர்கள் கூப்பிடுவதை மெதுவாக நிறுத்துவார்கள். இந்த இழப்பு முதல் மாதத்தில் தெரியாது.

வேலைக்குள்ளும் ஒரு நட்டம் உண்டு. சிகிச்சைத் திட்டம் பேசப்படும் மீட்டிங்குகள், பயிற்சி வகுப்புகள், மேலதிகாரியின் கண் எல்லாம் பகலில். நோயாளியை அதிகம் அறிந்தவர் நீங்களாக இருந்தும், முடிவு எடுக்கும் மேசையில் உங்கள் நாற்காலி இருக்காது. நிரந்தர ஈவினிங் எடுப்பவர் மாதத்தில் சில பகல் ஷிப்டுகளையும் கேட்டு வாங்க வேண்டும், குறைந்தது டீம் மீட்டிங் நடக்கும் நாளிலாவது.

புதிதாகச் சேர்பவர் முதல் சில வாரங்களைப் பகலில் கழித்து, டீமில் யார் என்ன செய்கிறார்கள், நோயாளியின் நாள் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துவிட்டு ஈவினிங்குக்கு வருவது நல்லது. வந்தபின் காலை, மாலை, இரவு என்று கலந்து போடாமல் இரண்டு வாரம் தொடர்ச்சியாக ஈவினிங்கே தரும்படி பொறுப்பாளரிடம் கேளுங்கள். அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். தூங்கிய நேரம், ஷிப்ட் உண்மையில் முடிந்த நேரம், வீட்டாரோடு சாப்பிட்ட வேளைகள் மூன்றையும் அந்த இரண்டு வாரமும் காலண்டரில் குறித்து வாருங்கள். அடுத்த ரோஸ்டர் போடும் நாளில், அந்தக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.